பஸ் ஜன்னலில் ஒன்பதாம் கேஸ்

எல்லாரும் சௌக்கியமா? இங்கே சபானா மேட்டுச் சமவெளியில் மழை விட்டபாடில்லை. மூட்டுக்கு மூட்டு பிடித்துக்கொள்கிற பருவம், எதையாவது போர்த்திக்கொண்டு உட்காருங்கள். மணிக்கட்டு வலிக்காரர்கள் வெந்நீரில் கையை முக்கிக்கொண்டே படித்தாலும் சரிதான். நெல்சியின் கதையும் ஒரு மணிக்கட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. எல் ரோசால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், வாரநாளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், நாற்பத்தோரு வயது நெல்சி முழங்காலை மடக்க இடமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். வலது கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள். அப்படி அழுத்தினால் விரல்கள் மரத்துப்போவது கொஞ்சம் அடங்கும். பரீட்சைக்குப் பேனா பிடிக்க வேண்டுமே. பத்தொன்பது வருஷம் பூப்பண்ணையில் கத்தரி பிடித்து ரோஜா வெட்டிய கை அது. காதலர் தினத்துக்கு அமெரிக்காவுக்குப் பூ போகிற ஜனவரி மாதம் முழுக்க கத்தரி ஓயாது. போன ஜனவரியில் சூப் கரண்டி விரலிலிருந்து நழுவி விழுந்தது, அவளுக்குத் தெரியவே இல்லை. பண்ணை டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு ஜனவரி வெட்டினால் இந்தக் கையில் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது என்றார். சொல்லிவிட்டு ஒரு களிம்பு கொடுத்தார்.

தப்பிக்க ஒரே வழிதான் இருந்தது. தரம் பிரிக்கும் கூடத்தில் ஒரு சூப்பர்வைசர் வேலை காலி. கத்தரி கிடையாது, முள் கிடையாது, ஒரு நாற்காலி உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்பு பாஸ் சான்றிதழ் வேண்டும், அதுவும் நவம்பர் கடைசிக்குள். நெல்சி ஆறாம் வகுப்போடு நின்றவள். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமை வகுப்புக்கு வந்து, எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது அல்ஜீப்ரா மட்டும். அதிலும் காரணிப்படுத்துதல்.

பக்கத்து பெஞ்சில் ருபியேலா, அதே பண்ணையின் பூக் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறவள். நெல்சியின் மகள் ஜெய்மிக்கு ஞானஸ்நானத் தாய், பிள்ளை மத்ரீனா என்று கூப்பிடுவாள். ருபியேலா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்க, பாதிரியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றிய அந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள், வாங்க போங்க என்றுதான் பேசிக்கொள்வார்கள். கூடப் பிறந்தவளோடுகூடச் சண்டை போடலாம், கொமாத்ரேயோடு போட முடியாது. நடுவில் சாமி வந்து உட்கார்ந்துவிடுகிறார் அல்லவா.

ருபியேலா இந்தப் படிப்பே வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நெல்சிதான் அவளை இழுத்து வந்தாள். போன ஆகஸ்டில் சாப்பாட்டுக் கூடத்துக் கதவில் சூப்பர்வைசர் வேலை நோட்டீஸ் ஒட்டியபோது, நெல்சி அவளிடம் மட்டும்தான் ரகசியமாகச் சொன்னாள்.

"கொமாத்ரே, அந்த நாற்காலி எனக்கு வேணும். என் கைக்கு வேற வழி இல்ல."

"உங்களுக்குத்தான். எனக்கெதுக்கு நாற்காலி? என் பின்பக்கத்துக்கு அது பத்தவும் பத்தாது. நான் துணைக்கு வரேன், அவ்வளவுதான்" என்று சிரித்தாள் ருபியேலா. அவள் சிரித்தால் பண்ணை பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

அல்ஜீப்ரா வாத்தியார் தோன் அரிஸ்தோபுலோ, கம்பளிப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டே கரும்பலகையில் எழுதுகிறவர். போர்வை நுனி போகிற இடமெல்லாம் எழுதியது அழிந்துகொண்டே வரும். அவருக்கு ஒரே வேதம், பத்து கேஸ். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன யாரை உலுக்கிக் கேட்டாலும் பத்தையும் வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். ஒன்றாம் கேஸ் பொதுக் காரணி, மூன்றாம் கேஸ் முழு வர்க்கம், நான்காம் கேஸ் வர்க்கங்களின் வித்தியாசம், ஒன்பதாம் கேஸ் கனங்களின் கூட்டல். எதற்காகப் படித்தோம் என்று கேட்டால்தான் முழிப்பார்கள். "கேஸ் நம்பர் போடாத விடை எனக்குத் தலையில்லாத கோழி. திருப்பிக் கொடுத்துடுவேன்" என்பார் வாத்தியார்.

நெல்சிக்கு முதல் இரண்டு மாதம் எல்லாம் தலைக்கு மேல் போனது. அப்புறம் ஒருநாள் இருபத்தைந்து காம்பை அட்டையில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பிடிபட்டது. இந்தப் பல்லுறுப்புக்கோவை என்பது கட்டி முடித்த பூங்கட்டு. அதை அவிழ்த்து, எந்தெந்தக் காம்பு சேர்ந்து இந்தக் கட்டு ஆனது என்று கண்டுபிடிக்கச் சொல்கிறார்கள். வேறொன்றும் இல்லை. ரோஜாவைக் கட்டுவதற்கு முன்னால் எல்லாக் காம்பிலும் அடி இலையை உருவுவோம் இல்லையா, அதுதான் ஒன்றாம் கேஸ். எல்லா உறுப்பிலும் பொதுவாக இருப்பதை முதலில் உருவி வெளியே வை, மீதியை அப்புறம் பார். அதிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் ஓரத்தில் ஒரு குட்டி இலை வரைவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. உருவ ஏதாவது இருந்தால் இலை. இல்லையென்றால் இலைக்குக் குறுக்கே ஒரு கோடு.

இதையெல்லாம் ருபியேலாவுக்குச் சொல்லிக் கொடுத்தது பண்ணை பஸ்ஸில். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை, இடதுபக்கம், அது இவர்கள் இடம். நாற்பது பேர் நனைந்த உடையோடு மூச்சு விட்டால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். அதுதான் கரும்பலகை. விரல்தான் சாக்பீஸ். பரீட்சைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை சாயங்காலம், நெல்சி கண்ணாடியில் x³ + 8 என்று எழுதினாள்.

"இது எந்த கேஸ், சொல்லுங்க கொமாத்ரே."

"எட்டு."

நெல்சி முகத்தைச் சுளித்தாள்.

"இல்ல இல்ல, ஒன்பது."

"எப்படி ஒன்பதுன்னு கண்டுபிடிச்சீங்க?"

"நீங்க மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டா ஒன்பதுன்னு அர்த்தம்."

பின் வரிசையில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நெல்சி சிரித்துக்கொண்டே இலையை வரைந்து, குறுக்கே கோடு போட்டு, கீழே (x + 2)(x² − 4x + 4) என்று எழுதினாள். நடுவில் வர வேண்டியது இரண்டு. ஒன்பதாம் கேஸில் நடு உறுப்பை இரட்டிப்பாக்கக் கூடாது, இரட்டிப்பாக்குவது மூன்றாம் கேஸ். மூன்றாம் கேஸை ஆயிரம் தடவை எழுதிப் பழகிய கை, கேட்காமலே நான்கைப் போட்டுவிட்டது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. பஸ் நின்றது, இறங்கிப் போனார்கள்.

மறுநாள் பரீட்சையில் பத்து கணக்கு, கேஸுக்கு ஒன்று, ஒன்பதாவது அதே x³ + 8. நெல்சி முதல் நான்கைப் போட்டு முடித்தபோது பக்கத்தில் ஷூ தரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ருபியேலாவின் தாள் வெள்ளையாக இருந்தது. பேரும் தேதியும் மட்டும் அழகாக, இரண்டு நிறத்தில், கோடு போட்டு எழுதியிருந்தாள். நெல்சி வாத்தியாரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ரொட்டியைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். நெல்சி தன் தாளை மெல்ல இடது ஓரத்துக்கு நகர்த்தினாள். நகர்த்தியபோது மனசு உறுத்தவே இல்லை என்று அவள் பிற்பாடு நினைத்துக்கொண்டாள். குளிருக்குப் போர்வையின் ஒரு பாதியைப் பக்கத்தில் இருப்பவள் மேல் இழுத்துவிடுவது போலத்தான் இருந்தது.

பன்னிரண்டு பேர் வகுப்பு, மதியத்துக்குள் வாத்தியார் திருத்தி முடித்துவிட்டார். சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்ததும், இரண்டு பேரை மட்டும் மேஜைக்குக் கூப்பிட்டார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தோன்யா நெல்சி, தோன்யா ருபியேலா, இந்த ஒன்பதாவது கணக்கைப் பாருங்க. வகுப்புல பாதிப் பேருக்கு இது தப்பு. ஆனா ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பாணியில தப்புப் பண்ணியிருக்காங்க. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் ஒரே தப்பு. சரியான விடை எல்லாருக்கும் ஒண்ணாத்தான் வரும், அதுல எனக்குச் சந்தேகம் வராது. தப்பு அப்படி இல்ல, அது அவங்கவங்க சொந்தச் சரக்கு." பேனாவால் அந்த நான்கின் மேல் தட்டினார். "இது யாரோட தப்பு? அவங்க பாஸ். பார்த்து எழுதினவங்க ஃபெயில்."

டாக்சி ஓட்டும் செகுந்தோ ஆப்பிள் கடிப்பதைப் பாதியில் நிறுத்தினார்.

நெல்சி வாயைத் திறக்கப் போனாள். என்ன சொல்வது என்று முடிவாகவில்லை. என்னுடையது என்றால் கொமாத்ரேயைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். ஏதாவது சொல்லி இரண்டு பேரையும் காப்பாற்ற முடியுமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த அந்த ஒரு மூச்சு நேரத்தில்—

"என்னோடது, ப்ரொஃபே" என்றாள் ருபியேலா.

நெல்சி திரும்பிப் பார்த்தாள். ருபியேலா அவளைப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தாள்.

"எப்படி வந்தது இந்த நாலு? சொல்லுங்க பார்ப்போம்."

"எட்டுன்னா ரெண்டோட கனம். அதனால முதல் அடைப்புல ரெண்டு. அடுத்ததுல கடைசியா ரெண்டோட வர்க்கம், நாலு. அது வரைக்கும் சரியா வந்துட்டேன் ப்ரொஃபே. நாலைப் பார்த்ததும் மூணாம் கேஸ் ஞாபகம் வந்து, நடுவுலயும் இரட்டிப்பாக்கிட்டேன். ரெண்டுன்னு விட்டிருக்கணும்." தாளின் ஓரத்தில் விரல் வைத்தாள். "பாருங்க, பொதுவா ஏதாவது இருக்கான்னு மொதல்லயே பார்த்தேன். ரோஜாவுக்கு அடி இலை உருவற மாதிரி. உருவ ஒண்ணும் இல்ல, அதான் இலைக்குக் குறுக்கக் கோடு."

வாத்தியார் முகம் மலர்ந்தது. "இலையா! நல்லா இருக்கே. அடுத்த வருஷம் பசங்களுக்கு நானே சொல்றேன்."

நெல்சிக்குக் கேட்டது தன் குரல். பஸ்ஸில் மூன்று மாதமாகப் பேசிய பேச்சு, நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, இழுக்கிற இடத்தில் இழுத்து, அப்படியே வேறு ஒரு வாயிலிருந்து வந்தது. இத்தனை நாள் எதைச் சொன்னாலும் விளையாட்டாகச் சிரித்தவள் ஒரு எழுத்தைக்கூடத் தவறவிடாமல் கேட்டிருக்கிறாள். அந்தத் தப்பு எப்படி வந்தது என்று நெல்சிக்கே அந்த நிமிஷம் வரை தெரியாது. அதையும் ருபியேலாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். எவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது, அந்தப் பெருமைதான் பிற்பாடு அவளைப் போட்டு வதைத்தது. யார் யாரோ நகையைப் பறிகொடுத்திருப்பார்கள், புடவையைப் பறிகொடுத்திருப்பார்கள். தப்பைப் பறிகொடுத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"தோன்யா நெல்சி? நீங்க ஏதாவது சொல்றீங்களா?"

அவள் ருபியேலாவைப் பார்த்தபடி நின்றாள். இப்போது சிரித்துவிடுவாள், சும்மா விளையாடினேன் ப்ரொஃபே என்பாள் என்று காத்திருந்தாள். செகுந்தோ ஆப்பிளை மறுபடி கடித்தார். வாத்தியார் பெருமூச்சு விட்டு, அவள் தாளில் சிவப்பில் ஒன்று என்று போட்டார். எங்கள் பக்கத்தில் பூஜ்யம் போடுவதில்லை, ஒன்றுதான் கடைசி. ருபியேலாவுக்கு ஐந்துக்கு மூன்று புள்ளி எட்டு, பாஸ்.

"ஜனவரியில மறு பரீட்சை இருக்கு. மனசத் தளர விடாதீங்க" என்றார் வாத்தியார்.

ஜனவரி. கத்தரி ஓயாத ஜனவரி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ருபியேலா வழக்கம்போலக் கதவைத் தட்டினாள். அம்மா தூங்குகிறாள் என்று சொல்லச் சொல்லி நெல்சி ஜெய்மியை அனுப்பினாள். பிள்ளை சொல்லிவிட்டு வந்து, "மத்ரீனா பாஸாயிட்டாங்களாம், ஆனா அழுத மாதிரி இருக்காங்க. நீ ஏன்மா முழிச்சிக்கிட்டே தூங்கற?" என்று கேட்டாள். கதவுக் கைப்பிடியில் சீஸ் ரொட்டிப் பொட்டலம் ஒன்று தொங்கியது. இன்னும் சூடாக இருந்தது. நெல்சி அதைத் தொடவில்லை. ஜெய்மி நான்கு ரொட்டியையும் தின்றாள்.

அப்போதுகூட நெல்சி மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தாள். பயந்துவிட்டாள், பாவம், வாத்தியார் திடீரென்று கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். யாருக்கும் நடக்கும். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் நெல்சி பின்பக்கம் போய் நின்றுகொண்டாள், ஆனாலும் இறங்கும்போது ருபியேலா தடுமாறியதும் அவள் கை தானாக நீண்டது. மதியம்தான் அந்தச் சமாதானமும் போயிற்று. சாப்பாட்டுக் கூடத்துக் கதவில், சூப்பர்வைசர் வேலைக்கு மனுப் போட்டவர்கள் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். மூன்று பேர், மனுப் போட்ட தேதி வரிசைப்படி. நெல்சியின் பேர் இரண்டாவது. அவள் யோசித்து யோசித்து, ஆகஸ்ட் இருபதாம் தேதிதான் போட்டாள். முதல் பேர் ருபியேலா. ஆகஸ்ட் பதினான்கு. நெல்சி ரகசியம் சொன்ன மறுநாள்.

அவள் தட்டில் இருந்த உருளைக்கிழங்கு சூப் ஆறி ஆடை கட்டியது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர், நவம்பர். எத்தனை பஸ் பயணம். எத்தனை இலை.

சாயங்காலம் நல்ல மழை. எல்லாரும் ஒரே நேரத்தில் பஸ்ஸில் ஏறினார்கள். நெல்சி ஏறியபோது ஒரே ஒரு இடம்தான் காலி. மூன்றாவது வரிசை, இடதுபக்கம், ஜன்னலோரம். ருபியேலா வழக்கமாக உட்காரும் உள்பக்க இடத்தில் இருந்தபடி, சாப்பாட்டுப் பையைப் பக்கத்தில் வைத்து அதைப் பிடித்து வைத்திருந்தாள். நெல்சியைப் பார்த்ததும் பையை மடிக்கு எடுத்துக்கொண்டு, காலை ஒதுக்கி வழி விட்டாள். நிற்கலாம் என்றால், நாள் முழுக்கக் கத்தரி பிடித்த அந்தக் கையால் கம்பியைப் பிடிக்க முடியாது. நெல்சி போய் உட்கார்ந்தாள். இருவர் தோளும் இடித்தன. அந்த இருக்கையில் இடிக்காமல் உட்கார முடியாது.

பஸ் கிளம்பியது. நாற்பது பேரின் மூச்சில் கண்ணாடி மெல்ல மெல்ல வெளுத்தது. வெளுக்க வெளுக்க, விரல் போன தடம் மட்டும் தெளிவாக மேலே எழுந்து வந்தது. வெள்ளிக்கிழமை எழுதியது. x³ + 8. குறுக்கே கோடு போட்ட இலை. கீழே இரண்டு அடைப்பு. நடுவில், வாலைச் சுழித்துக்கொண்டு, நெல்சியின் கை எழுதிய அந்த நான்கு.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், சனிக்கிழமை அந்த ஒரு மூச்சு நேரத்தில் தேடிக் கிடைக்காத வார்த்தை, இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தது. எவ்வளவு சின்ன வார்த்தை.

"ஒண்ணாப் படிச்சோம் ப்ரொஃபே, ஒரே இடத்துல தப்பாப் படிச்சோம்னு சொல்லியிருக்கலாமே" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடி. "பொய்யும் இல்ல."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"சொல்லியிருக்கலாம். எனக்கு அப்பவே தோணுச்சு" என்றாள் ருபியேலா. "சொன்னா ரெண்டு பேரும் பாஸ். நாற்காலி ஒண்ணுதானே கொமாத்ரே."

"துணைக்கு வரேன்னீங்க."

"பதினாறு வருஷமா குளிர்க்கிடங்குல நிக்கறேன். உங்க கை வலிச்சா நீங்க சொல்றீங்க, ஊரே கேக்குது. என் முதுகு வலிச்சா நான் ஜோக் சொல்றேன்." குரல் தணிந்தது. "ஒருநாளாவது கேட்டீங்களா?"

நெல்சி கேட்டதில்லை. அது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதனால் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. இன்னொரு இடத்திலும் வலித்தது, அவ்வளவுதான்.

"இதைக் காலைலயே பார்த்தேன்" என்றாள் ருபியேலா, கண்ணாடியைத் தாடையால் காட்டி. "துடைச்சிடலாம்னு கைய வச்சேன். முடியல."

வெளியே பண்ணைகளின் பிளாஸ்டிக் கூரைகள் மழையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நெல்சி தொடைகளுக்கு நடுவிலிருந்து வலது கையை எடுத்தாள். விரல் நுனி மரத்திருந்தது, கண்ணாடியைத் தொட்டபோது குளிர்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. விரல் அந்த நான்கின் மேல் வந்து நின்றது. ஒரு சுழி அழித்து ஒரு சுழி போட்டால் அது இரண்டாகிவிடும், கணக்கு சரியாகிவிடும். பக்கத்தில் ருபியேலா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். விரல் அழுத்தாமலே, நான்கின் காலிலிருந்து ஒரு துளி நீர் திரண்டு, நேர்க்கோடாகக் கீழே இறங்கியது.

உங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் யார்? நீங்கள் தாளை நகர்த்திக் கொடுத்தவரா, எட்டிப் பார்த்தவரா? எதுவானாலும் மறைக்காமல் எழுதிப் போடுங்கள், ஒவ்வொன்றாக உட்கார்ந்து படிக்கிறேன்.